குரலுக்கு வழிவிட்ட மூன்று குமிழ்கள்

அவையை அமைதியாக ஆளும் தலைவர் அவர்களே! காதாலேயே எடைபோடும் மூத்த ஒலிப்பதிவாளர்களே! பிள்ளைகள் கணினியில் எழுப்பும் இரைச்சலைப் பொறுத்துப் பொறுத்துப் பொறுமைக்கே பெயராகிவிட்ட தாய்மார்களே! இசை மென்பொருளில் இன்று முதன்முதலாகக் கைவைக்க வந்திருக்கும் இளைய தோழர்களே! ஒலிக்கலவைக்காரி ஒருத்தியின் உளமார்ந்த வணக்கம்.

ஓசையின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் பற்றிப் பேசச் சொன்னார்கள். திரையில் ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மூன்றே மூன்று குமிழ்கள். ஒன்று அடியோசை, முரசின் முழக்கம் குடியிருக்கும் இடம். ஒன்று நடுவோசை, மனிதக் குரலின் மையம். மற்றொன்று உச்சவோசை, தாளத்தட்டின் தகதகப்பு. வலப்பக்கம் திருகினால் கூடும். இடப்பக்கம் திருகினால் குறையும். அவ்வளவுதானா என்கிறீர்களா? அவ்வளவுதான்! ஆனால் அந்த மூன்று குமிழ்களில் என் அக்காவின் பாட்டு வாழ்க்கையே ஒருநாள் தொங்கியது.

அக்கா பாடகி. தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் மீண்டது, குரலும் மீண்டது, ஆனால் மெலிந்து, சற்றே கரகரத்து மீண்டது. அதன்பின் அவள் பாடிய முதல் பாட்டைக் கேட்ட இசையமைப்பாளரின் முகம் சுருங்கியது.

"தப்பா நினைக்காதம்மா. வாத்தியத்துக்கு நடுவுல குரல் எடுபடவே இல்ல. வேற யாரையாவது பாட வச்சுக்கலாம்."

அக்கா ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தாள், இனி அதைத் தொடவே போவதில்லை என்பதைப் போல. கலவைக் கணினியின் முன் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன்.

முதலில் அவள் குரலின் உச்சவோசையை ஏற்றினேன். பளிச்சென்று இருந்ததா? தகரத்தில் ஆணி கீறியது! சிரிக்கிறீர்கள், அன்று அக்கா சிரிக்கவில்லை. நடுவோசையை ஏற்றினேன், சளி பிடித்தவள் பாடுவது போல் இருந்தது. எல்லாவற்றையும் பழைய நிலைக்கே திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். கிதாரும் கீபோர்டும் நடுவோசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன! அவள் எங்கே நிற்பாள்? எப்படிப் பாடுவாள்?

கிதாரின் நடுவோசையைக் குறைத்தேன். கீபோர்டின் நடுவோசையைக் குறைத்தேன். அதன் அடியோசையில் கிடந்த உறுமலையும் குறைத்தேன். குறைக்கக் குறைக்கக் குரல் நிறைந்தது!

திரும்பி வந்தவர் நின்றபடியே கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"யாரும்மா பாடினது?"

"அதே ஆளுதான் சார். அதே பாட்டுதான்."

"அப்ப வேற யாரும் வேணாம். இதையே வச்சுக்கலாம்."

அக்காவின் முகத்தில் மட்டும் ஐயம் போகவில்லை. "உண்மையச் சொல்லுடி. இது என் குரலா, உன் மிஷின் பண்ணின குரலா?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன். "பாருக்கா. உன் குரலுக்கு மூணு குமிழும் கூட்டாம குறைக்காம ஜீரோலதான் நிக்குது. உன் குரல்ல நான் கையே வைக்கல."

ஒவ்வொரு குமிழையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தபடி, "இன்னொரு தடவ போடு" என்றாள்.

தோழர்களே! ஏற்றத் துடிக்கும் கையை ஒரு கணம் நிறுத்துங்கள். மறிப்பது எது என்று கேளுங்கள். அதை விலக்குங்கள். மெலிந்த குரலும் மேலெழும். கரகரத்த குரலும் களம் வெல்லும்!

அக்காவையும் இங்கே அழைத்தேன். "ரெக்கார்டிங் இருக்கு, நீயே போய்ப் பேசு" என்று சொல்லிவிட்டாள். அவள் சார்பிலும் என் சார்பிலும், செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி வணங்குகிறேன்.