மங்களத்துக்குப் பிறகு பாடியவர்

மணி மூன்று. ராத்திரி இல்லை, மத்தியானம். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளான் பண்டமாரானில் கண்டெய்னர் கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ரோட்டில் நின்று பாருங்கள். லோரி ஓடாது. கடை திறந்திருக்காது. நாய்கூடப் படுத்திருக்காது... வெயில் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும்.

கரண்ட் வரும் வரைக்கும்தான் சொல்வேன். மெழுகுவத்தியை இப்படித் தள்ளி வை, ஷைமா. அதற்குள் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டால் எப்படி? இன்னும் ஒன்றுமே ஆகவில்லை. இவளுடைய அண்ணன் ஹாசிமுக்கு நடந்ததுதான் இது. இவளாகச் சொல்ல மாட்டாள். நான் சொல்வதில் தப்பு இருந்தால் திருத்தட்டும்.

ஹாசிமுக்கு ஊர் கீழக்கரை. வேலை பெர்மிட்டில் இங்கே கிள்ளானுக்கு வந்து, படம் எடுக்கிறவர்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் பசிகூடத் தெரியாது அந்த மனுஷனுக்கு. அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் லோகன். நம்மூர்ப் பையன். உள்ளூர்க் கலைஞர் ஒருவர், அவரால் மறக்க முடியாத இடம் ஒன்று, பத்து நிமிஷப் படம். இதுதான் அவன் எடுப்பது. பிரிக்பீல்ட்ஸ் கடைவாசல் அஞ்சடி நடையில் ஒரு மிருதங்கக்காரர், மேரு டவுனில் ஒரு உறுமி மேளக் குழு... நன்றாகத்தான் எடுப்பான். அவசரம்தான் அவனைப் பிடித்த சனியன்.

அன்றைக்குப் பாட வந்தவர் தனலெட்சுமி. கோயில் கச்சேரி, கல்யாணக் கச்சேரி என்று கிள்ளான் முழுக்கப் பாடியவர். அவர் முதல்முதலாக மேடை ஏறிய மண்டபம் அந்த ரோட்டுக் கடைசியில் இருக்கிறது. இப்போது அது யாரோ சாமான் போட்டு வைக்கிற இடம். இரும்பு நாற்காலிகளை மடக்கி, சுவரோரம் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

தனலெட்சுமிக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். குரல் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே மகள் புனிதாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. வருஷக் கடைசியில் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் தன் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது தாய்க்கு ஆசை. தானே பாட முடியாமல் போனால் படத்தில் இருக்கிற குரலாவது கேட்கட்டும் என்றுதான் அவர் இதற்கே ஒத்துக்கொண்டார்.

"படத்துல என் மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவால்ல தம்பி. குரலை மட்டும் பத்திரமா எடுத்துக் குடுத்துடுங்க" என்று ஹாசிமின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். ஹாசிம் சரி என்று வாக்குக் கொடுத்தார். இருப்பதிலேயே நல்ல மைக்கை எடுத்துப் பொருத்தினார்.

மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல். வெயில் அது வழியாக வந்து சரியாக மேடை நடுவில் விழுந்தது. ஆனால் துறைமுகம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லோகன் வெயிலைப் பார்த்தான், மேகத்தைப் பார்த்தான்.

"அக்கா, முடிவை முதல்ல எடுத்துடலாம். மங்களம் பாடுங்க. மழை வந்துட்டா இந்த லைட் கிடைக்காது லா."

"மங்களம் பாடிட்டா அதுக்கு மேல பாடக் கூடாது தம்பி. எழுந்து போயிடணும்."

"எடிட்டிங்ல பின்னால கொண்டு போயிடுவேன்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

தனலெட்சுமி காலியாகக் கிடந்த மண்டபத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு, சரி என்று உட்கார்ந்துவிட்டார். குரல் வேண்டுமே.

படம் எடுக்கிறவர்களுக்குக் கடைசியை முதலில் எடுப்பது தினசரி வேலை. கச்சேரி அப்படியா? ஒரு காரியம் முடிந்து தொலைந்தால் மங்களம் பாடியாச்சு என்கிறோமே, சும்மாவா சொல்கிறோம்? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான் லோகன்.

அவர் மங்களம் பாடினார். அப்படி ஒரு பாட்டு... ஹெட்போனில் கேட்ட ஹாசிமுக்குக் கண் கலங்கிவிட்டது. பாடி முடித்துக் கை கூப்பினார்.

அப்போதுதான் ஹெட்போனில் அந்தச் சத்தம் வந்தது. கிறீச்... கிறீச்... இரும்பு நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம். பட்டுச் சேலை உரசுகிறது. யாரோ இருமுகிறார். ஒரு குழந்தை சிணுங்குகிறது. செருப்புகள், நிறையச் செருப்புகள், சிமெண்டுத் தரையில் தேய்ந்துகொண்டு வாசலுக்குப் போகின்றன. கச்சேரி முடிந்து ஒரு மண்டபமே எழுந்து வீட்டுக்குப் போகிறது. மல்லிகையும் வேர்வையும் முகப்பவுடரும் கலந்த வாசனை ஹாசிம் மூக்குக்கே வந்ததாம்.

ஹாசிம் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலிகள் கட்டின கயிறோடு சுவரோரம் அப்படியே இருந்தன.

ஓடிப் போகவில்லை மனுஷன். குரலைப் பத்திரமாக எடுத்துத் தருவதாக ஒத்துக்கொண்டவர் அல்லவா? பிஸ்மில்லா சொல்லிவிட்டு மறுபடி கருவியைத் தட்டினார். தனலெட்சுமி அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

ஹெட்போனில் ஒன்றும் இல்லை.

கழற்றினால் குரல் கணீரென்று கேட்கிறது. மாட்டினால் மேலே சுற்றுகிற ஃபேன் சத்தம் மட்டும். கேபிளை மாற்றினார். மைக்கை மாற்றினார். கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் கேட்டார். அதிலும் ஃபேன்தான். மங்களம் மட்டும் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா பாடியது எதையும் எந்தக் கருவியும் வாங்கிக்கொள்ளவில்லை.

"லோகன், நிறுத்துங்க. சவுண்ட் வரல."

"எனக்கு நல்லாக் கேட்குதே! ஓட விடுங்கண்ணே, மழை வரப் போகுது."

ஹாசிம் ஹெட்போனை ஒரு காதில் அழுத்திக்கொண்டு நின்றார். அடுத்த பாட்டு பாதியில் இருக்கும்போது, ஃபேன் சத்தத்துக்கு நடுவே ஒன்று கேட்டது. செருப்புச் சத்தம். இந்தத் தடவை ஒரே ஒருத்தர். வாசலிலிருந்து திரும்பி வருகிறார். அவசரமே இல்லை... ஒரு நாற்காலி விரிகிறது. அதில் கனமாக உட்காருகிறார். மைக்குக்கு அவ்வளவு பக்கத்தில் மூச்சு விடுகிறார்.

பாட்டு முடிந்தது. ஹெட்போனில், காதுக்குள்ளேயே, ஓர் ஆண் குரல்.

"இன்னொண்ணு."

ஹாசிம் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டார். லோகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "போதும்க்கா, பேக் பண்ணிடலாம்" என்று கேமராவை மூடினான்.

"இருங்க தம்பி" என்றார் தனலெட்சுமி. அவர் காதில் ஹெட்போன் எதுவும் இல்லை. "இன்னொண்ணு கேட்டாங்களே."

சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு பாடத் தொடங்கினார். மழை கொட்டி, மண்டபம் இருண்டு, அவர் தொண்டை கட்டும் வரைக்கும் பாடிக்கொண்டே இருந்தார். ஹாசிம்தான் கையைப் பிடித்து எழுப்பிக் காருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆமாம், குரல் போகவில்லை. டாக்டருக்கே சந்தோஷம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன ஹாசிமிடம் மெதுவாக இரண்டு வரி பாடிக்கூடக் காட்டினாராம். ஹாசிம் அல்ஹம்துலில்லா என்று அழுதுவிட்டார். பக்கத்துக் கட்டில் காலி. திரையும் சாத்தியிருந்தது. அங்கே அவர்கள் இரண்டு பேர்தான்.

"புனிதாகிட்ட முதல்ல சொல்லணும்" என்று தனலெட்சுமி சிங்கப்பூருக்குப் போன் போட்டார். ஹாசிமும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மாடி, குரல் வந்துருச்சுடி! உன் கல்யாணத்துல நானே பாடுறேன்!"

"ஹலோ? அம்மா? பேசுங்கம்மா... ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்றாள் புனிதா. "உங்க பக்கத்துல யாரோ தாளம் போடுற சத்தம்தான் கேட்குது... யாரும்மா அவரு?"