ஆறியாச்சா

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒரு சின்ன விஷயம்தான். கணையக் குழாயின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, நடுவில் ஊசிமுனையால் ஒரு கோடு கீறுவேன். மறுநாள் காலையில் கோடு மூடியிருக்கும். மறுபடி கீறினால் மறுபடி மூடும். பத்து முறை கீறியும் தழும்பு விழவில்லை. மனித உடம்பில் மட்டும் ஏன் விழுகிறது?

பாதி விடை எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். காயம் பட்டதும் வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள் கசியும். சில, "நகரு, பெருகு" என்று சொல்லும். செல்கள் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்து பள்ளத்தை மூடும். வேறொன்று, "போதும், நிறுத்து" என்று சொல்லும். அதுவே குழாயைச் சுற்றியுள்ள செல்களிடம் நார் நெய்யவும் சொல்லும். அந்த நார்தான் தழும்பு. என் தட்டில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் எத்தனையாவது காயத்தில் இரண்டாவது குரல் ஓங்குகிறது? அதற்கு உயிருள்ள கணையம் வேண்டும்.

என் தம்பிக்குக் குடியால் ஒரு முறை கணையம் வீங்கியது. பிழைத்து எழுந்தவன் குடியை அறவே விட்டான். டாக்டர் குழாய்க்குள் கேமரா விட்டுத் துடைத்தெடுத்த செல்கள் என் மேஜைக்குத்தான் வந்தன. அழகாக ஆறியிருந்தன.

உடம்பு தேற ஒரு டானிக் கொடுத்தேன். நானே கலந்தது. பாதிக்கு மேல் சாராயம்; வாடை தெரியாமலிருக்கக் கசப்பு மூலிகைச் சாறு.

"என்னண்ணே, தொண்டைல தீ வெச்ச மாதிரி இறங்குது?"

"மருந்துன்னா அப்படித்தான்டா. மூக்கைப் பிடிச்சிட்டுக் குடி."

"நீ குடுத்தா வெஷத்தையும் குடிப்பேன். கொஞ்சம் சர்க்கரை மட்டும் போடு."

போட்டேன்.

மூன்றாவது வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். ரத்தத்தில் சாராயம் இருப்பதாக டாக்டர் சொன்னார். அவன் குடிக்கவே இல்லை என்று அழுதான்.

"இன்னும் எத்தனை தடவ என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணுவீங்க?" என்றாள் அவன் மனைவி. அதற்கடுத்த முறை தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நீயாச்சும் நம்புறியேண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நம்பினேன். அவன் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவசரப்படவில்லை. ஆறுவதற்குள் அடுத்த காயம் பட்டால் கணக்கு கெட்டுவிடும். ஆய்வகத்தில் தட்டைப் பார்த்துக் கேட்பது போலவே ஃபோனில் கேட்பேன்: "ஆறியாச்சா?"

"ஆறிடுச்சுண்ணே" என்பான். அடுத்த பாட்டிலோடு போவேன்.

கடைசியாகக் கேட்டபோது, "இந்தத் தடவ ஆறலண்ணே" என்றான். குரல் மெலிந்திருந்தது. குழாய் நாராக இறுகி, கேமரா நுழையவில்லை. கணையத்தில் ஊசி குத்தி எடுத்த நீரில், நிறுத்தச் சொல்லும் புரதம் எட்டு மடங்கு ஏறியிருந்தது. ஒன்பதாம் நாள் இறந்தான். வேறு ஒரு வேலையும் எடுத்துக்கொள்ளாமல் அந்த ஒன்பது நாளும் பக்கத்திலேயே இருந்தேன். சொந்தத் தம்பி.

முதல் காயம் அவனே தேடிக்கொண்டது. அதில் எனக்குப் பங்கில்லை. மற்ற நான்கும் நான் கொடுத்தவை. குற்றம் என்று என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவையும் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்: கணையக் குழாய் நான்கு முறை ஆறும். ஐந்தாவது முறை ஆறாது.