இரும்புக் கதவில் ஒட்டிய சிப்

"வாட்ச்மேன் மேல தப்பே இல்ல, மாமு. சிப்பு மேலதான் தப்பு."

தண்டையார்பேட்டையில் ஏறிய இருவர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள். சொன்னவர் கழுத்தில் ஏதோ ஒரு குடோனின் அடையாள அட்டை.

"இன்னா சிப்பு?"

"குடோன் கதவுல நான் ஒட்டின ஸ்டிக்கருக்குள்ள கீற சிப்பு. ரவுண்டு போற வாட்ச்மேன் அதுல போனை வெச்சாதான் கணக்கு. அதுல பேட்டரி கெடையாது, போன்லேர்ந்துதான் கரண்ட்டு. பின்னாடி இரும்பு இருந்தா அந்தக் கரண்ட்டு சிப்புக்குப் போவாது. இரும்புக்குன்னு கறுப்பு ஷீட்டு வெச்ச சிப்பு தனியா கீது. நான் சாதா வாங்கிட்டேன்."

"அவரு சொல்லலியா?"

"எடுக்க மாட்டேங்குதுன்னு தினம் சொன்னாரு. நான் ஆபீஸ்ல மர டேபிள்ல வெச்சுப் பார்த்தேன், நல்லா எடுத்துச்சு. ரவுண்டே போவாம பொய் சொல்றாருன்னு ஓனராண்ட சொல்லிட்டேன். வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கோ."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பால?"

"கதவாண்டயே போய் நானே போனை வெச்சுப் பார்த்தேன், எடுக்கல. சிப்பை மாத்தினேன். இப்ப ஒரு ரவுண்டு விடாம கணக்குல ஏறுது. புது வாட்ச்மேன் எவ்ளோ ஒழுங்கு பார்த்தியான்னு ஓனர் கேக்குறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமா சார்னேன்."