சதீஸ் ஞாபகார்த்த மைதானம்

வெற்றிக் கிண்ணம் வாங்குவதென்றால் கிளிநொச்சியில் வாங்காதீர்கள், ஐயா. வவுனியாவுக்குப் போங்கள். இங்கே விற்கிற கிண்ணங்களின் பொன்பூச்சு ஒரு மாரிக்குத் தாங்காது. வவுனியாக் கிண்ணம் அலுமாரிக்குள் வருடக்கணக்கில் மினுங்கும். விளையாட்டுக் கழகம் ஒன்றுக்கு நீண்டகாலம் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கிண்ணம் என்றால் ஞாபகார்த்தக் கிண்ணம்தான். கரப்பந்தோ, உதைபந்தோ, மரதன் ஓட்டமோ, எதை நடத்தினாலும் இறந்துபோன ஒருவருடைய பெயரில்தான் நடத்துவோம். அவருடைய படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்திய பிறகுதான் பந்து உருளும். செலவை அவருடைய குடும்பம் வெளிநாட்டிலிருந்து அனுப்பும். கழகத்தின் கொட்டகை ஒருவர் ஞாபகமாக வந்தது. தண்ணீர்த் தாங்கி இன்னொருவர் ஞாபகமாக. கரப்பந்து வலைகூட அப்படித்தான். உயிரோடு இருக்கிறவன் பெயரில் எங்கள் ஊரில் ஒரு கோல் கம்பம் நட்டது கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. இது விளங்கினால் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் தயாபரன். அக்கராயனில் வயல் செய்கிறேன். சதீஸின் தகப்பன் மாயாண்டி எங்கள் வயலில் வேலை செய்தவர். மலையகத்தில் கலவரம் நடந்தபோது சின்னப் பையனாகத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குடியிருப்பு. நாங்கள் அவர்களை ஒருநாளும் வேறுபாடாக நடத்தியதில்லை. குடத்தோடு வந்து நின்றால் எங்கள் கிணற்றில் நாங்களே அள்ளி ஊற்றிவிடுவோம்.

சதீஸ் பொடியனாக இருக்கும்போதே வயலுக்குச் சாப்பாடு கொண்டு வரம்பில் ஓடிவருவான். சேறு வழுக்கும். அவனுடைய கால் வழுக்காது. அதைக் கவனித்தது நான். சண்டை முடிந்து, முகாமிலிருந்து எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பிறகு அவனை என் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிட்டேன். அக்கராயனிலிருந்து முறிகண்டி வரைக்கும், தினமும் விடியற்காலையில். நில் என்றால் நிற்பான். ஓடு என்றால் ஓடுவான். ஏன் என்று என்னைக் கேட்டதே இல்லை.

மாகாணப் போட்டியில் எங்கள் கழகத்து பெனியனோடு ஓடி முதலாவதாக வந்தான். போட்டி முடிந்ததும் பெனியனைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அது கழகத்தின் சொத்து. அவனை நிர்வாகசபையில் சேர்க்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தவர் எவரும் நிர்வாகசபையில் இருந்ததில்லை. ஓடுவது வேறு, நிர்வாகம் வேறு.

பிறகு டென்மார்க்கில் ஒரு போட்டிக்கு இங்கிருந்து ஓர் அணி போனது. அணி திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

அங்கே அகதி முகாமைச் சுற்றிப் பனிக்குள் ஓடித் திரிந்திருக்கிறான். அதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர் அவனைத் தன் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சில வருடங்களில் குடியுரிமை கிடைத்தது. அந்த நாட்டின் உடுப்போடு ஓடினான், ஐரோப்பாவில் பெரிய மரதன்களில் வென்றான். பால் பெட்டியில் அவன் படம் வந்தது. ஓட்டச் சப்பாத்துக் கடை ஒன்று போட்டான். அது நாடு முழுக்கக் கிளை விட்டது. அதற்குப் பிறகு தேர்தலில் நின்று நகரசபைக்குப் போய், கடைசியில் துணை மேயரானான். எங்கள் சந்தியில் ராசுவின் தேத்தண்ணிக் கடையில் ஒரு போனைச் சுற்றி நின்று அவன் பதவியேற்றதைப் பார்த்தோம். கழுத்தில் சங்கிலி. பேசியது ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை.

"பாருங்கோவன், எங்கட மாயாண்டியின்ர பொடியன் வெள்ளைக்காரனுக்குச் சட்டம் சொல்லுறான்," என்றான் ராசு.

"அவனுக்கு ஓட்டம் பழக்கினது ஆர்?" என்று கேட்டேன்.

"நீங்கள் மோட்டார் சைக்கிள்ல இருந்தனீங்கள் அண்ணை. ஓடினது அவன்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இனி மைதானத்துக்கு வருகிறேன். அந்தக் காணி லண்டனில் இருக்கிற ஒரு டொக்டருடையது. என் தகப்பன் காலத்திலிருந்து கழகம் அதில் விளையாடுகிறது. போன வருடம் அவர், கலியாண மண்டபம் கட்ட ஆள் கேட்கிறது, நீங்கள் வாங்குவதென்றால் முதலில் உங்களுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். மைதானம் போனால் கழகம் இல்லை. கழகம் இல்லாவிட்டால் நான் சந்தியால் போகிற இன்னொரு வயற்காரன். அதை யோசித்துப் பாருங்கள்.

சதீஸுக்குச் சொன்னேன். வருகிறேன் என்றான். மனைவி தனுஷாவையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டுத் தனியாக வந்தான். சந்தியிலிருந்து பாண்ட் வாத்தியத்தோடு கூட்டிவந்தோம். மாலையை நானே போட்டேன். மேடையில் அவன் நன்றி சொன்னான். பிறகு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் காணி உறுதியும் கிடைக்கிறவரை தான் ஓயப்போவதில்லை என்றான். மைதானத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. சனம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

பின்னேரம் அவனை என் வீட்டுக்குக் கூப்பிட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினேன். எங்கள் வீட்டுக் கதிரையில் அவன் இருந்தது அன்றைக்குத்தான்.

"மைதானத்தை நான் காசு குடுத்து வேண்டலாம் அண்ணை," என்றான். "எங்கட பக்கத்துப் பொடியள் நிர்வாகசபையில இருப்பினமோ?"

"அது பொதுச்சபை கூடி முடிவெடுக்கிற விசயம் தம்பி."

"அப்ப பொதுச்சபையிட்டயே காசைக் கேளுங்கோ." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "அந்த பெனியனை வியர்வையோட கழட்டி வேண்டினீங்களே, ஞாபகம் இருக்கோ? நான் வெறும் மேலோட பஸ்ஸில வந்தனான்."

"கழகத்துச் சொத்து தம்பி அது."

"ஓம் ஓம். நான் கோவத்தில சொல்லேல்ல. காலமை இரணைமடுவுக்கு ஓட வாறீங்களோ? முந்தின மாதிரி, நீங்கள் மோட்டார் சைக்கிள்ல."

உண்மையில் அவனுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஒருமாதிரி இருந்தது.

மறுநாள் காலை இரணைமடுக் குளக்கட்டில் ஓடினான். இந்த முறை அவன் முன்னால், நான் பின்னால். ஓடி முடித்து முகம் கழுவக் குளத்திலிருந்து வருகிற வாய்க்காலுக்குள் இறங்கினான். கல்லுக்கு இடையில் நாகம் கிடந்திருக்கிறது. கணுக்காலில் கடித்துவிட்டு உள்ளே போனதை நான் கண்ணால் கண்டேன்.

"அண்ணை, கடிச்சுப்போட்டுது."

"பயப்பிடாத. ஏறு."

அந்த நேரம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் நினைத்தேன். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். நேர் ரோட்டில் போனால் கிளிநொச்சி அதிக தூரம் இல்லை, அங்கே மருந்து இருந்தது. போகும்போது ஒரு பெயர்ப்பலகை என் மனதில் வந்தது. சதீஸ் ஞாபகார்த்த மைதானம். எழுத்தின் நிறம்கூடத் தெரிந்தது. நீலம். நான் காட்டுப் பாதைக்குத் திருப்பினேன்.

"இதால ஏன் அண்ணை?"

"இது குறுக்குப் பாதை."

கொஞ்சத் தூரத்தில் நிறுத்தி, சில்லு காத்துப் போய்விட்டது என்றேன். அவன் இறங்கி ஒரு மருத மரத்தில் சாய்ந்தான். அதற்குப் பிறகுதான், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி, மோட்டார் சைக்கிள் திறப்பின் நுனியால் வால்வை அழுத்தினேன். காற்று போகிற சத்தம் கேட்காமல் இருக்கப் பலமாக இருமினேன்.

"போன் எடுங்கோ."

"சார்ஜ் இல்லையடா." அவன் ஓடும்போது போன் கொண்டுவருவதில்லை.

"அப்ப நான் ஓடிப் போறன் அண்ணை. ரோட்டுக் கரை கிட்டத்தானே."

ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பான். அந்தக் கால்களை எனக்குத் தெரியும்.

"ஓடாத," என்றேன். "ஓடினா விஷம் ஏறும். அசையாம இரு."

நான் சொன்னது சரியான முதலுதவி. எந்த டொக்டரிடமும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி அண்ணை என்று உட்கார்ந்தான்.

நான் அவனை விட்டுவிட்டுப் போகவில்லை, ஐயா. பக்கத்திலேயே இருந்தேன். தண்ணீர் கேட்டபோது போத்தலைப் பிடித்தேன். விழுங்க முடியாமல் போனபோது வாயைத் துடைத்துவிட்டேன். நித்திரை வருகிற பிள்ளையைப் போல இமைகள் சரிந்தன. நாக்குத் தடித்துக் கதை குழறியது. அவனுடைய கை என் கைக்குள்தான் இருந்தது.

அப்போது அன்ஸார் வந்தார். குளத்து மீன் வாங்கி விற்கிறவர். மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்து நிறுத்தினார்.

"என்ன அண்ணன், இவருக்கு ஏலாமப் போச்சா? பெட்டிய இறக்கி வெச்சிட்டு ஏத்திட்டுப் போகவா?"

"இல்லை அன்ஸார் நானா. ஓடிக் களைச்சுப்போனார். கொஞ்சம் இருந்து எழும்புவார்."

"மேயர் ஐயாதானே இவரு? வெளிநாட்டு உடம்பு, நம்மட வெயில் தாங்காது," என்று சிரித்தார். சதீஸைப் பார்த்து, "எழும்புங்க தம்பி, இனிப் பிளேன்ல ஓடினாப் போதும்," என்றார்.

சதீஸுக்குக் கேட்டிருக்கும். நாகம் கடித்தால் உடம்புதான் போகும், அறிவு கடைசி வரை இருக்குமென்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனுடைய ஒரு விரல் என் உள்ளங்கையில் அசைந்தது. அன்ஸார் போய்விட்டார். அவர் உங்களிடம் சொன்னது அவ்வளவும் உண்மை. நல்ல மனிதர்.

அந்த விரலும் நின்ற பிறகு, பையிலிருந்து கைப்பம்பை எடுத்துச் சில்லுக்குக் காற்று அடித்தேன். பம்ப் இல்லாமல் நான் குளப் பக்கம் போவதில்லை. அவனை என் முதுகோடு சாரத்தால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வாசலில் நின்ற சனம் அதைப் பார்த்து அழுதது. யாரோ எடுத்த படம் டென்மார்க்குப் பத்திரிகையிலும் வந்ததாம். பெற்ற பிள்ளையைப் போலச் சுமந்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

தனுஷா டென்மார்க்கிலிருந்து வந்தா. தகனம் இங்கேயே நடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல்நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டா.

"அண்ணா, அவர் கடைசியா என்ன சொன்னவர்?"

"மைதானம் எண்டு சொன்னவர், தங்கச்சி."

அந்தியேட்டி முடிந்த கையோடு காணியை வாங்கித் தந்தா. குழாய்த் தண்ணீருக்கென்று அவன் ஒதுக்கி வைத்திருந்த காசும் அதற்குள் போய்விட்டது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஐயா. ஒரு சதம்கூட என் கைக்கு வரவில்லை. எல்லாம் ஊருக்கு.

அவன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஓட்டக்காரர்கள் கட்டுகிற மணிக்கூடு இடத்தையும் நாடித் துடிப்பையும் பதிந்துகொண்டே இருக்குமென்று நீங்கள் சொல்லித்தான் அறிகிறேன். தனுஷா அங்கே போய்ப் பல மாதம் கழித்துத்தான் அதைத் திறந்து பார்த்திருக்கிறா. காட்டுக்குள் ஒரே இடத்தில், அவ்வளவு நேரம், தன் புருஷனின் இதயம் அடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறா. பாவம். அதைத் திறக்காமல் விட்டிருக்கலாம்.

மைதானம் திறந்த அன்றைக்கு விளையாட எங்களுக்குப் பதினொரு பேர் சேரவில்லை. ஒருவன் கட்டாரில், இருவர் போலந்தில், கோல் காப்பாளன் எங்கே நிற்கிறான் என்று தாய்க்கே தெரியாது. மிச்சம் இருக்கிறவர்களும் பாஸ்போட்டை வைத்துக்கொண்டு ஏஜென்சிக்காரனுடைய அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள். சதீஸைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் போகிற எண்ணம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பொடியள் குளித்த தலையோடு வாய்க்கால் கட்டில் நின்று பார்த்தார்கள். உள்ளே வரவில்லை. நாங்கள் வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அகவணக்கம் செலுத்திவிட்டுக் கலைந்துபோனோம். இப்போது புல் முழங்கால் மட்டும் நிற்கிறது.

ஒரு பக்கத்துப் புல் மட்டும் வெட்டியிருக்கும். அது மாயாண்டி. அவரை மைதானத்துக் காவலாளியாகப் போட்டது நான்தான். சிலர் விரும்பவில்லை. நான் விடவில்லை. விடியற்காலையில் வந்து, செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, மகனுடைய படம் இருக்கிற இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவார். நேற்றும் வழியில் கண்டேன். "ஐயா மட்டும் இல்லேன்னா எம்புள்ளைய நாய் நரி இழுத்திருக்குங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பாதையை மாற்றியது நான். காற்றைத் திறந்துவிட்டது நான். வந்த உதவியைத் திருப்பி அனுப்பியதும் நான். சதீஸ் அங்கேயே இருந்து சாகட்டும் என்று நினைத்து, தெரிந்துகொண்டே செய்தேன். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

மாயாண்டிக்கு மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், ஐயா. பிள்ளையும் போன பிறகு, அந்த மனிதருக்கு ஆறுதலென்று இருப்பது நான் ஒருவன்தான்.