மிக்ஸி போடாத சாயங்காலம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். காவிரிப் பாலம் ஏறும்போது ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"என் பையனுக்கு வேலை போனது எனக்குத் தெரியவே இல்லக்கா. ஒரே வீட்லதான் இருக்கோம்."

"அதெப்படிம்மா தெரியாம போகும்?"

"வீட்லேர்ந்தே வெளிநாட்டுக்காரங்களுக்கு வெப்சைட் செஞ்சு குடுக்கறவன்தானே. வேலை இருந்தப்பவும் கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தான். இப்பவும் அப்படியேதான் உக்காந்திருக்கான்."

"நல்லாத்தானே சம்பாதிச்சான்?"

"அவங்கப்பா ரிட்டயர் ஆகறப்ப வாங்கின சம்பளத்தைவிடக் கூடவே. அவனைப் பார்த்துதான் எதிர்வீட்டுப் பையனும் ஆபீஸ் வேலையை விட்டுட்டு இதுல இறங்கினான்."

"ஆபீஸ் போறவனா இருந்தா, மத்தியானமே வீட்டுக்கு வந்து நின்னா தெரிஞ்சிடும். சரி, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சாயங்காலம் அந்த வெளிநாட்டுக்காரங்ககூட பேசுவான். அந்த நேரத்துல நான் மிக்ஸி போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது. போன வாரம் அவனே வெளில வந்து, 'நீ மிக்ஸி போட்டுக்கோம்மா'ன்னான். 'ஏண்டா, இன்னிக்குப் பேசலையா?'ன்னு கேட்டேன். 'அவங்களே இப்ப ஏஐ வச்சு செஞ்சுக்கறாங்கம்மா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்."

பக்கத்திலிருந்தவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். "போகட்டும், இனிமே சாயங்காலம் தோசைக்குச் சட்னியாவது அரைக்கலாம்."

"இல்லக்கா. இன்னும் அந்த நேரத்துல நான் மிக்ஸியைத் தொடறதில்ல. திடீர்னு யாராவது கூப்பிட்டுட்டா?"

அம்மா மண்டபத்தில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

என் மகளும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இதே வேலையைத்தான் செய்கிறாள். வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் அறைக் கதவில் காதை வைத்தேன்.