ஒத்தையா ரெட்டையா

காபியில் சர்க்கரை போடவில்லை, கவிநிலா. நீ குறைத்துக்கொண்டதாகத் தம்பி மதிவாணன் சொல்லியிருந்தான். ஆறுவதற்குள் குடி. நேற்று ஆஸ்பத்திரி வராண்டாவில், நர்ஸ் பிள்ளைகள் எதிரிலேயே, "அண்ணி, அந்த வேப்புல என்னத்த பண்ணி வச்சீங்க?" என்று கத்தினாய். புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு உள்ளே கிடக்கிறான், உனக்கு வெளியே நாத்தனாரோடு சண்டை. இந்த ரஞ்சிதம் பதில் சொல்லாமல் ஓடினாள் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. அதனால்தான் உன்னை ரெட்டியார்பாளையத்துக்கு, என் வீட்டுக்கே வரச் சொன்னேன். சொல்கிறேன். நடுவில் அழாதே, எனக்குப் பிடிக்காது.

என் தம்பி சிகரெட்டை விடத்தான் வேப்பை, அந்த மின்சார சிகரெட்டை, எடுத்தான். உள்ளே சின்னதாய் ஒரு கம்பிச் சுருள், காயில் என்பார்கள். அதற்குள் பஞ்சு, பஞ்சில் நிக்கோட்டின் கலந்த திரவம். காயில் சூடானால் திரவம் ஆவியாகும், அதை இழுக்க வேண்டும். பஞ்சு கருகினால் பிரித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். தடை போட்ட சாமானுக்கு எந்தக் கடையில் போய்க் காயில் கேட்பது? தட்டாஞ்சாவடியில், டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் காயில் சுற்றியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். "நீ இருக்கறப்ப எனக்கென்னக்கா கவலை" என்று என்னிடம்தான் வந்தான்.

கல்யாணம் வரைக்கும் அவன் இந்த வீட்டில்தான் இருந்தான். நீ வந்தாய், லாஸ்பேட்டையில் மூன்றாவது மாடியில் வீடு பார்த்தாய். லிஃப்ட் இல்லாவிட்டால் என்ன, நல்ல காற்று வரும் என்றாய். முதலில் ஞாயிறு தவறாமல் வந்தான். அப்புறம் பொங்கல், தீபாவளி. கடைசியில் பஞ்சு கருகினால்தான் அக்கா ஞாபகம் வரும் என்றாயிற்று. அதுவும் எனக்குப் போதும். பஞ்சு வாராவாரம் கருகிக்கொண்டுதான் இருந்தது.

அது உனக்குப் பொறுக்கவில்லை. சூட்டுக்கு அளவு வைக்கிற பெட்டி ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து, அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தாய். அதைக் கொண்டுவந்து என்னிடமே காட்டினான்.

"எரநூறு டிகிரின்னு வச்சிட்டா அதுக்கு மேல போவாதுக்கா. பஞ்சு கருகாது. மாசத்துக்கு ஒருக்கா மாத்துனா போதுமாம்."

எனக்கு வயிறு எரிந்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன், "காயில் ஒத்தையா, ரெட்டையாடா?"

"ஒத்தையே போதும்னு கவி சொல்றா. கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கணுமாம்."

"அவ பெரிய இன்ஜினியரு. ரெட்டையா போடறேன், ருசி எப்டி இருக்குன்னு பாரு."

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒற்றைக் காயில் என்றால் அதன் சூடு பெட்டிக்குச் சரியாகத் தெரியும். இரண்டு இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்குதான். ஒன்று கொதித்து மற்றது ஆறிக் கிடந்தாலும், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே அது நினைக்கும். நான் ஒன்றைச் சரியாகச் சுற்றினேன். மற்றதில் ஒரு சுற்றுக் குறைத்தேன், அது மட்டும் அதிகமாகக் காயட்டும் என்று. அதோடு, இரட்டை என்றால் உள்ளே போகிற திரவமும் இரட்டிப்பு. பழக்கம் முற்றிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாரம் முடிவதற்குள் கருகின பஞ்சோடு வந்து நின்றான்.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் காயில் சுற்றுவேன், அவன் ஃபேனுக்கு அடியில் வெறுந்தரையில் படுத்திருப்பான். கொடுவா மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிடுவான். உன்னைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்வான். அப்போது இருமலும் கொஞ்சம்தான்.

இருமல் அதிகமானதும் நீ அவனை எக்ஸ்ரே எடுக்க வைத்தாய். அன்று சாயங்காலம் வந்து, "விட்டுடறேங்க்கா. கடைசியா ஒத்தைக் காயில் ஒண்ணு போட்டுக் குடு. அது போனதும் தூக்கி எறிஞ்சிடறேன். இனிமே உனக்குத் தொல்லை இல்ல" என்றான். தொல்லையாம். அவன் வாயால்.

ஒற்றைதான் போட்டேன், நீ ஆசைப்பட்டபடியே. ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. காயிலை மாட்டியதும் அந்தப் பெட்டி ஒரு கேள்வி கேட்கும்: இது புதுசா, பழசா? காயில் குளிர்ந்திருக்கும்போதுதான் புதுசு என்று பதில் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்ச்சியிலிருந்துதான் அது சூட்டை அளக்கத் தொடங்கும். நான் காயிலை நன்றாகச் சூடேற்றி, கழற்றி, ஆறும் முன்பே திரும்ப மாட்டி, புதுசு என்று அமுக்கினேன். பெட்டி என்னை நம்பியது. அதன் பிறகு அது காட்டிய இருநூறு இருநூறு இல்லை. எவ்வளவு என்று எனக்கும் தெரியாது.

"கருகற மாதிரி இருக்குக்கா, தொண்டையெல்லாம் எரியுது" என்று போன் செய்தான்.

"நம்பர் எவ்ளோ காட்டுது?"

"எரநூறுதான்."

"அப்ப உன் நாக்குதான் கெட்டுக் கெடக்கு. கொரோனா வந்து போனதுலேருந்தே அப்டித்தான. இழு, சரியாயிடும்."

இழுத்தான். நான் சொன்னால் கேட்பான். தூக்கி எறிய அவனால் முடியவில்லை, திரும்பி வந்தான். நான் திரும்பவும் அப்படியே செய்து கொடுத்தேன். என் வாசல்படி ஒன்றை ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அன்றைக்கும் செய்தேன். கை தவறி நடந்தது இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

போலீசுக்குப் போவதானால் போ, இதையே அங்கேயும் சொல்கிறேன். ஆனால் டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய்: நுரையீரல் இனிப் பழையபடி ஆகாது, மாடி ஏறவே கூடாது. அவனைக் கூட்டிக்கொண்டு போய் எங்கே வைத்துக்கொள்வாய்? இங்கே முன்னறையைக் காலி செய்துவிட்டேன், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வைக்க இடம் இருக்கிறது. உள்ளே வரும்போது நீ கவனித்திருக்க மாட்டாய். வாசலில் இருந்த அந்த ஒரு படியையும் கொத்தனாரை விட்டு இடித்து, சரிவாகப் பூசியாயிற்று. இப்போது இல்லை, போன மாதமே. அவனுக்கு என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே யோசிக்க, இந்த அக்காவை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?