தம் பாட்டைத் தாமே கேட்டிராதவருக்கு

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் ரிப்பேருங்க மேடம்."

"அதான் குரல் தரைத்தளத்துக்குப் போச்சுன்னா மேல வரவே மாட்டேங்குது! பரவாயில்ல, அங்கேயே நில்லுங்க. அந்தத் தளத்துக்கு ஆள் கிடைக்காம தவிச்சிட்டிருக்கேன்."

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், நகர மன்றத்தின் மாடி அறையில், குரல் தேர்வுக்கு வந்தவரிடம் நீங்கள் பேசிய முதல் பேச்சு இது. அன்று கடைசி வரிசைக்குப் போனவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். இடையில் உங்கள் கணவரும் ஆகிவிட்டார்.

எங்கள் மூச்சுக்கு முறை வகுத்த முதல்வியே! நூற்று நாற்பது பாடல்களை ஈன்ற நாதத்தின் தாயே! நாற்பது குரல்களை விரல் நுனியில் நிறுத்தும் வித்தகியே! வணங்குகிறோம்.

மற்றவர்கள் பாட்டை எழுதிவிட்டுப் பாட ஆள் தேடுவார்கள். நீங்களோ ஆளைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டையே எழுதினீர்கள். தையற்காரர் தோளை அளப்பது போல ஒவ்வொருவர் மூச்சின் நீளத்தையும் அளந்து, யார் எந்த எழுத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று அவரவர் தாளில் பச்சைப் பென்சிலால் புள்ளி வைத்தீர்கள். ஆளுக்கொரு இடத்தில் வாங்குவதால், கேட்பவர்களுக்கு யாருமே மூச்சு வாங்காதது போல் இருக்கும். ஒருமுறை எங்கள் செவிலியர் சகோதரிகள் பிறவிப் பழக்கத்தில் இருவரும் ஒன்றாக வாங்கிவிட, பாட்டில் பொத்தல் விழுந்தது. "அக்கா முதல்ல, தங்கச்சி அப்புறம். சாப்பாட்டுக்கு வேணா ஒண்ணா உட்காருங்க" என்றீர்கள். இப்போது வீட்டில் சண்டை போட்டாலும் மாற்றி மாற்றித்தான் மூச்சு வாங்குகிறார்களாம். சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது என்று அவர்கள் அம்மா புலம்புகிறார்.

உங்கள் பாட்டு அரங்கில் எப்படி ஒலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தொண்டை கட்டிய நாள்களில் ஆளுக்கொருமுறை கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் கணவரும் அப்படிப் பன்னிரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் நான்காகப் பிரிந்து கேட்ட குரல்கள், அங்கே ஒரே வெள்ளமாய் வந்து அவரை மூடின. இரும்புக் கயிற்றை இழுத்துக் காய்த்துப்போன கைகள் கைக்குட்டையைத் தேடின. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இதை உண்டாக்கியவர் இதைக் கேட்டதே இல்லை! ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத நீங்கள், எப்போதும் எங்களுக்கு இரண்டடி எதிரே கையசைத்தபடிதானே நின்றீர்கள்!

அன்றே உங்களிடம் கேட்டுவிடத் துடித்தார். எங்கே கேட்பது? "இங்க நான் மேடம், நீங்க கடைசி வரிசை" என்பது மன்றத்தில் உங்கள் சட்டம். "பாட்டை மன்றத்துலயே பூட்டிட்டு வாங்க" என்பது வீட்டில் உங்கள் சட்டம். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே அவருடைய விண்ணப்பம், தளங்களுக்கிடையே மாட்டிக்கொண்ட லிஃப்ட் போலப் பதினெட்டு ஆண்டுகள் தொங்கியது.

இனியும் தொங்க நேரமில்லை. வலக்காது கேட்காமல் அடங்கிவிட்டதென்றும், இடக்காதும் விரைவில் அடங்குமென்றும் மருத்துவர் எழுதிய சீட்டை, குரல் நடுங்காமல் நீங்களே எங்களுக்குப் படித்துக் காட்டினீர்கள். அன்று மாலையே அவர் எங்களைத் தம் பட்டறைக்கு அழைத்தார். "அந்தம்மா கையை மறந்துடுங்க. பக்கத்துல நிக்கிறவங்க மூச்சைக் கேளுங்க" என்றார். நீங்கள் எதிரே நின்று கையசைக்காமல் பாடிப் பார்த்தோம். முதல் வாரம் சந்தைக்கடை. ஆறாம் வாரம், நாற்பது குரலும் ஒரே வெள்ளமாய் எழுந்தன.

நலம் குன்றாமல், நகைப்பு மாறாமல், நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ நெஞ்சார வாழ்த்தும்,
பாடற்குழுவினர் நாற்பதின்மர்.

எங்கள் வாழ்த்தும் கையொப்பமும் முடிந்தன. இந்த வாழ்த்து மடலை மேடையில் படிக்க அவரைத்தான் நிறுத்தியிருக்கிறோம். கடைசி வரிகள் அவருடையவை. மேடம், சட்டங்களைச் சற்றே தளர்த்துங்கள்.

"மேடமாவும் கேட்டுக்கோ, என் பொண்டாட்டியாவும் கேட்டுக்கோ. நீ நின்னு கையசைக்கற அந்தப் பலகையை விட்டு எறங்கி வா. இடது காது எங்க பக்கம் இருக்கற மாதிரி கீழ நாற்காலி போட்டிருக்கேன். கையைக் கட்டிட்டு சும்மா உட்காரு. நாங்க பாடறோம். இன்னைக்கு ஒருநாள், நீ கேளு."